கதவில் படர்ந்த பாசி

மெருகு குறையாத வாசற்கதவின் உட்புறத்தில், தாழ்ப்பாளுக்குக் கீழே, நகத்தளவு சாம்பல் பூத்திருந்தது. மர ஆலை முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"பூஞ்சைங்க. துடைச்சா போயிடும்," என்றாள் மனைவி. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணைப் பார்ப்பாங்களா, கதவைப் பார்ப்பாங்களா?"

பூஞ்சை இல்லை. காட்டு மரப்பட்டையில், நகத்தளவு வளரவே ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் பாசி. ஈரமண், அழுகிய இலை, நனைந்த கயிறு எல்லாம் கலந்த வாடை அதிலிருந்து மெல்ல எழுந்து கூடத்தில் நின்றது. உளியால் சுரண்டி எறிந்தார்.

மதியத்துக்குள் கதவு முழுக்கப் படர்ந்துவிட்டது. நடுவில் மட்டும் வெறும் மரம். தலை. தோள். பின்னால் இழுக்கப்பட்ட கைகள்.

"யாரோ சாஞ்சு நின்ன மாதிரி இருக்குப்பா," என்றாள் மகள். "அத்தை உயரம் இருக்கும்ல?"

"உள்ள போ."

அவருடைய தங்கை வெளிநாட்டில் இருப்பதாகத்தான் எல்லோரும் நம்பினார்கள். ஆலைத் தொழிலாளி ஒருவனைக் கட்டுவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றபோது, பிடிவாதம் அடங்கட்டும் என்று காட்டு மரத்தில் கட்டினார். "ஒரு ராத்திரிதான்," என்று சொல்லிவிட்டு வந்தார். விடிந்ததும் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. குடும்ப மானம் பெரிதாக இருந்தது. பிறகு, கயிறு பதிந்த அந்த மரத்தையே வெட்டினார். எரிக்க மனம் வரவில்லை, நல்ல மரம். இழைத்துக் கதவாக்கினார்.

சாயங்காலம் உளி மழுங்கிவிட்டது. சுரண்டச் சுரண்டப் பாசி தடித்தது. உருவம் மட்டும் பளிச்சென்று நின்றது. வெளியே கார் நின்றது. சிரிப்பு. செருப்புச் சத்தம்.

கதவை வெளிப்பக்கமாகச் சுவரோடு திறந்து வைத்து, முதுகை நிமிர்த்தி, அந்த உருவத்தை மறைத்துச் சாய்ந்து நின்றார். அளவு கச்சிதமாகப் பொருந்தியது.

'வாங்க' என்று சொல்ல வாய் திறந்தார். நாக்கு காய்ந்து செதிலாக இருந்தது. கை பின்னால் போயிற்று. திரும்பி வரவில்லை.

"அப்பா எங்கேம்மா? அந்த உருவம் மறைஞ்சே போச்சு பாரு!" என்றாள் மகள், அவர் முகத்துக்கு நேரே.

"காட்டையே கொண்டுவந்து கதவுல ஒட்டியிருக்காரே சம்பந்தி!" மாப்பிள்ளையின் அப்பா சிரித்தபடி அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியாக ஒருத்தி வந்தாள். நனைந்த தலை. மணிக்கட்டில் கயிற்றுத் தடம். அதைத் தடவிக்கொண்டே அவர் கண்களைப் பார்த்தாள்.

"ஒரு ராத்திரிதாண்ணே."

கதவைச் சாத்தினாள். அவர் நெஞ்சின் குறுக்கே தாழ்ப்பாள் விழுந்தது.