மூன்றாம் மாடிக் கதவு

கைப்போனில் தங்கை ஹுஸ்னாவின் செருப்புச் சத்தம் கேட்பதற்கு ஒரு நொடி முன்பே அது வெளியே படிக்கட்டில் கேட்டது.

ஸமீரா அதைப் பொருட்படுத்தவில்லை. மின்சாரம் போன அந்தி நேரம். பசுந்தாங் பேட்டையின் அந்தப் பழைய கட்டடத்தில் யாராவது ஏறி இறங்கிக்கொண்டேதான் இருப்பார்கள். கொசுவத்திப் புகையும், கீழ்வீட்டில் வதங்கும் பர்மிய ஙப்பிக் கருவாட்டு விழுதின் நெடியும், படுக்கையில் கிடக்கும் உம்மாவின் மூத்திர வாடையும் சேர்ந்து மூச்சை அடைத்தன. காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தாள். கைப்போன் திரையிலோ பட்டப்பகல் வெயில். பிராக் நகரம். அக்காவும் தங்கையும் சேர்ந்து போவதாகப் பேசிவைத்திருந்த ஊர். உம்மா பக்கவாதத்தில் விழுந்ததும் ஸமீரா நின்றுவிட்டாள், ஹுஸ்னா கிளம்பிவிட்டாள். பாலம், கோபுரம், கேக் என்று தினமும் படம் அனுப்பினாள். உம்மா சாப்பிட்டாளா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“லாத்தா, பழைய மணிக்கூண்டு ஒண்ணு. உள்ள ஏறுறேன், பாரு.”

“உம்மாவுக்குக் கஞ்சி குடுக்கணும். போனை வை.”

“ரெண்டே நிமிசம் லாத்தா.”

திரை இருண்டது. வளைந்து வளைந்து மேலேறும் கல்படிகள், ஹுஸ்னாவின் மூச்சிரைப்பு. திடீரென்று அவள் சிரித்தாள்.

“இங்க ஙப்பி வாசம் அடிக்குது லாத்தா! வெள்ளைக்காரன் ஊர்ல!”

ஸமீராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “என் பொழப்பு உனக்கு நக்கலா இருக்கா?”

திரையில் கல்சுவர் முடிந்து, பச்சைச் சுண்ணாம்பு உரிந்த சுவர் வந்தது. அதில் வெற்றிலை எச்சில் கறை. தொங்கும் மின்கம்பி. தினமும் தண்ணீர்க் குடத்தோடு ஸமீரா உரசிக்கொண்டு ஏறும் சுவர்.

அப்படியானால் இவள் போகவே இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தாகேதாவில் எவள் வீட்டிலோ ஒளிந்துகொண்டு, எங்கிருந்தோ எடுத்த படங்களை அனுப்பி ஏமாற்றியிருக்கிறாள்.

“லாத்தா...” ஹுஸ்னாவின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. “மேல வழி இல்ல. நம்ம வீட்டுக் கதவு இருக்கு.”

திரையில் திறந்த கதவு. உள்ளே மெழுகுவத்தி வெளிச்சம், கட்டில், கட்டிலருகே கைப்போனைக் குனிந்து பார்க்கும் ஒருத்தியின் முதுகு.

ஸமீரா திரும்பினாள். வாசலில் யாரும் இல்லை.

கோபம் பயத்தை முந்திக்கொண்டது.

“நாங்க செத்தோமா இருக்கோமான்னு கேக்காம ஊர் சுத்துனவ நீ. அங்கேயே கிட!”

ஓடிப்போய்க் கதவை அறைந்து சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அதே அறைந்த சத்தம் போனிலும் கேட்டது. திரை முழுக்க மூடிய கதவு.

தட்டல்.

“திற லாத்தா! கீழ படி இல்ல. ஒண்ணொண்ணா இல்லாம போவுது!”

தட்டட்டும். கொஞ்சம் தட்டட்டும். ஸமீரா தாழ்ப்பாளில் கை வைத்தபடியே நின்றாள்.

பிறகு தங்கை அலறினாள்.

தாழ்ப்பாளை இழுத்தாள். கதவு விரியத் திறந்தது. வெளியே வெறும் இருட்டு. படிகள் எல்லாம் இருந்தன. ஹுஸ்னா இல்லை.

திரையில் கதவு மூடியே இருந்தது.

“திறந்துட்டேன்டி! உள்ள வா!”

“திற லாத்தா... காதுல விழலையா?”

தட்டல் நிற்கவில்லை. போனில் மட்டுமல்ல. திறந்த வாசலின் நடுவில், வெற்றுக் காற்றில், மரத்தைத் தட்டும் சத்தம். அவள் முகத்துக்கு நேராக. ஸமீரா கையை நீட்டினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளங்கை மட்டும் அதிர்ந்தது.

“ஹுஸ்னா!”

தட்டல் இறங்கியது. நெஞ்சு உயரத்துக்கு. முழங்கால் உயரத்துக்கு.

பிறகு தட்டல் இல்லை. நிலைப்படியின் ஓரத்தில் ஏதோ தொங்கிக்கொண்டிருப்பதுபோல், பத்து நகங்கள் மரத்தைப் பிறாண்டின.