பிஹோகோவின் கண்கள்

கலேர்வே சந்தையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மிஞ்சியிருந்த ஒரே மூட்டை வாழைக்காய்த் தோல்... ஒரு முனை நல்வோகாவின் கையில், மறு முனை யாரோ ஒருவன் கையில்.

"விடுங்க சார். என் பட்டறைக்கு வேணும்."

"என் பசுவுக்கும் வேணும் அம்மணி. உங்க பட்டறை பசிச்சா கத்துமா?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். தோலை அரைத்து, வினிகரும் கிளிசரினும் விட்டுக் காய்ச்சிப் பை செய்கிறவள் அவள். இடுப்பில் செருகியிருந்த ஒன்றை எடுத்துக் காட்டினாள். தேன் நிறத்தில், மெல்லியதாய்...

அவன் முகம் இறுகியது. "போன வருஷம் பாலிதீன் பையைத் தின்னுதான் என் பசு ஒண்ணு செத்துச்சு."

"இது வயித்துல கரைஞ்சிடும்!"

விரிந்த அவள் விழிகளையே அவன் பார்த்தான். இமை நுனியில் மழைத்துளி...

"உங்க கண்ணு... அப்படியே பிஹோகோ கண்ணு."

"அது யாரு?"

"என் பசு."

மாடு என்கிறானா! மூட்டையை அவன் மேலேயே தள்ளிவிட்டு நடந்தாள். கோபம் வீடு வரைக்கும் ஆறவில்லை. முன்பின் தெரியாத ஒருவன் சொன்னது ஏன் இப்படி உறுத்த வேண்டும்?

மறுநாள் காலை, பட்டறை வாசலில் அவன். பெயர் தாயெப்வா என்றான். சந்தையில் விசாரித்து வந்திருந்தான்.

"உங்க பை மூட்டைக்குள்ள விழுந்திருக்கு. தோலோட சேர்த்து பிஹோகோ தின்னுட்டா."

அப்படியே அவனோடு கிளம்பினாள். பை மண்ணில் கரைவதைப் பார்த்திருக்கிறாள். வயிற்றில்? நேற்று அவ்வளவு உறுதியாகப் பேசியது அறிவா... வீம்பா?

அவன் தொழுவத்தில், நெடிய கொம்புகளோடு பிஹோகோ அசை போடாமல் நின்றது. அசை போட்டால் பிழைத்துவிடும். இருவரும் தரையில் அமர்ந்து அதன் வாயையே பார்த்தார்கள். வெயில் ஏறியது.

"நேத்து... தெரியாமலேதான் அடிச்சுச் சொன்னேன்," என்றாள்.

அவன் திட்டவில்லை. தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினான்.

உச்சி வெயிலில் அந்தத் தாடை அசைந்தது. மறுபடியும்... அசை போட்டது! தாயெப்வா கைகளால் முகத்தை மூடிக்கொண்டான்.

பிஹோகோ திரும்பி அவளைப் பார்த்தது. நீண்ட இமைகள். ஈரமும் ஆழமுமாய் இரு கருவிழிகள். இத்தனை அழகா!

"நாங்க மாட்டுக்காரங்க; ஒரு பொண்ணோட கண்ணைப் பசுவோட கண்ணுன்னு சொல்றதுக்கு மேல புகழ மாட்டோம்," என்றான் தரையைப் பார்த்தபடி. "நீங்க டவுன்காரங்க... யோசிக்காம சொல்லிட்டேன். ஆனா பொய்யில்ல."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"மறுபடி மூட்டையைத் தள்ளிட்டுப் போயிடுவீங்க."

"இங்க மூட்டையே இல்லையே... நானும் எங்கேயும் போகல."

"உங்க கண்ணு..." என்று தொடங்கியவன் நிமிர்ந்து அவள் கண்களைப் பார்த்தான்.

"பிடிச்சிருக்கு," என்று அவளே முடித்தாள். "எனக்கு... உங்களை."