தாகமில்லாத இரண்டு மணி நேரம்

டெலிபோன் அலறியது!

ராஜபாளையம் கம்ப்யூட்டர் ஆபீசில் தங்கபாய் எடுத்தாள்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் இன்ஸ்பெக்டர் காளிராஜ். ஒங்க கிளை ஆபீஸ் தேவநேசன் ஃபேன்ல தொங்குதாரு... உசுரு இல்ல!"

அழுகை வரவில்லை. மாத்திரை ஆரம்பித்ததிலிருந்தே அவளுக்கு வருவதில்லை.

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டரில் தேதி குழம்பிவிடாமல் ஒரு மில்லின் புரோகிராமைத் திருத்தும் வேலை. இவள் இங்கே, அவன் அங்கே... நடுவில் இரண்டு கம்ப்யூட்டரையும் இணைக்கும் டெலிபோன் லைன். பேச்செல்லாம் டைப் அடித்துத்தான். இரண்டு வருஷமாக முகம் பார்த்ததில்லை.

திரையில் அவனுடைய கடைசி வரி.

'வாழ்க்கை வெறுத்துப்போச்சு.'

"ஒம்பது மணிக்கு உள்தாழ்ப்பாள் போட்டவரு திறக்கவே இல்லையாம். பதினொண்ணு வரை ஒங்ககூட வேலை... பொறவு தூக்கு. கூட வேலை பாக்குற ஐயாதுரைதான் கதவை உடைச்சிருக்கான். கேஸை முடிச்சிரலாமா?"

"வேண்டாம் சார்! அந்த ரெண்டு மணி நேரம் டைப் அடிச்சது தேவநேசன் இல்ல!"

"எப்படிம்மா?"

தங்கபாய் தயங்கினாள். பக்கத்தில் முதலாளி ரத்தினம். மூளைக்கு மாத்திரை திங்கிற ஆளுக்கு இங்கே வேலை இல்லை என்று சேர்க்கும்போதே சொன்னவர். வாயைத் திறந்தால் தன் சோற்றில் தானே மண் போட்டுக்கொள்வாள்.

திறந்தாள்.

"அவரு மனசுக்கு மாத்திரை சாப்பிடுதாரு சார். நாக்கு வறண்டுபோகும். பத்து நிமிஷத்துக்கு ஒருக்க 'தண்ணி'ன்னு அடிச்சிட்டு எந்திரிச்சுப் போவாரு. அந்தக் கொஞ்ச நேரம் அவரு வேலையை நான் பாப்பேன். நான் போனா அவரு பாப்பாரு. இன்னைக்கு ஒரு தண்ணிகூட வரல!"

"நீங்க எதுக்கும்மா போவீங்க?"

"நானும்... அதே மாத்திரைதான் சார்."

ரத்தினம் மேஜைச் சாவிக்குக் கை நீட்டினார். கொடுத்தாள். வலிக்கவில்லை. வலித்தால் தேவலை என்று மட்டும் தோன்றியது.

மறுமுனையில் காளிராஜ் யாரையோ அதட்டினார்.

"ஏலே ஐயாதுரை! காலையில அவரு தண்ணியே குடிக்கலையாமே?"

"குடிச்சான் சார்! பத்து மணிக்கு நாந்தான் ரெண்டு சொம்பு உள்ள கொண்டுபோய்க் குடுத்தேன்!"

"தாழ்ப்பாள் போட்ட கதவு வழியாவா?"

ஐயாதுரையின் கேவல் கேட்டது.

"புரோகிராமைத் திருடி வித்தேன் சார்... கண்டுபிடிச்சிட்டான்... கொன்னுட்டு நானே உக்காந்து அடிச்சேன்... பொறவு வெளிய வந்து தாழ்ப்பாளையும் நானே உடைச்சேன்..."

"நடலே! லாக்கப்லயும் பூட்டின கதவுதான்... ஆனா தண்ணி மட்டும் கம்பி வழியா வந்துரும்!"