ஒற்றைத் தட்டு

பாட்டு இன்னும் போடவேயில்லை. புது ஆம்ப்ளிஃபயரில் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. அதற்குள் லாரியின் கதவு ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு சத்தம், யாரோ தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டியதுபோல.

"எர்த்து சரியில்ல நைனா. பழைய வண்டி, அப்டித்தான் கீது," என்றான் ராயபுரத்தில் ஆடியோ கடை வைத்திருக்கும் மேத்யூ.

லாரி டிரைவர் அருள்பிரகாசம் தலையை ஆட்டிவைத்தார். காரணம் எர்த்து இல்லையென்று அவருக்குத் தெரியும். மழைக்காலத்திலிருந்து ஸ்பீக்கரை மாற்றிக்கொண்டேயிருக்கிறார், ஒவ்வொரு முறையும் முன்னதைவிடப் பெரிதாக. பாட்டு அந்தச் சத்தத்தை அமுக்கிவிடும் என்று நம்பினார். பாட்டோடு சேர்ந்து அதுவும் வளர்ந்தது.

லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் பின்னால் நின்று தகரத்தைத் தட்டுவான். விடாமல் தட்டினால் வரலாம். ஓங்கி ஒரே தட்டு என்றால் நிற்கணும். கண்ணாடியைவிட அந்தக் கையைத்தான் டிரைவர்கள் நம்புவார்கள். மழைக்காலத்தில் ஒரு நாள் வள்ளூரில் அவருடைய கிளீனர் சுடலைராஜ் ஓங்கித் தட்டினான். அருள்பிரகாசத்துக்குக் கேட்கவும் செய்தது. ஆனால் பாட்டு முழுச் சத்தத்தில் ஓடியது. மேளம் என்று நினைத்துவிட்டார். மதிலுக்கும் லாரிக்கும் நடுவில் சுடலைராஜ் நசுங்கிப் போனான்.

"அவரு தட்டலியாண்ணே?" என்று ஆஸ்பத்திரி வாசலில் கேட்டாள் அவன் பெண்டாட்டி சொக்கம்மாள்.

"தட்டலம்மா."

செத்தவன் தலையிலேயே பழியைப் போட்டாயிற்று. மனசு கேட்காமல் அவன் தம்பி பொன்ராஜைக் கிளீனராகச் சேர்த்துக்கொண்டார். தங்கமான மனுஷன் என்று தெருவே பேசியது. அதைக் கேட்கும்போதெல்லாம் பாவி நான் என்று உள்ளுக்குள் புலம்பினார்.

புது ஆம்ப்ளிஃபயர் மாட்டிய அன்று இருட்டுகிற நேரம், எண்ணூர் யார்டில் நிலக்கரித் தூசும் கழிமுகத்துச் சேற்று நாற்றமும் கலந்து தொண்டையில் படிய, மின்நிலையத்துப் புகைபோக்கியின் சிவப்பு விளக்கு கண்ணாடியில் விட்டுவிட்டு எரிய, பொன்ராஜ் இறங்கிப் பின்பக்கம் போனான். மதில் ஓரமாக வண்டியைப் போடணும். பாட்டை அணைக்கலாமா என்று அருள்பிரகாசத்தின் கை ஒருமுறை போனது. அணைத்தால் அந்த 'டப்' மட்டும் கேட்குமே. கையை எடுத்துக்கொண்டார்.

பின்னாலிருந்து விடாமல் தட்டு வந்தது. வரலாம். வண்டி மெல்ல நகர்ந்தது.

டப்.

அவன்தான். செத்தவன். எப்போதும் இப்படித்தான்.

டப்.

பாட்டைக் கூட்டினார். கதவு அதிர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

டப்.

வண்டி எதிலோ முட்டியது. மதில் இல்லை. மதில் இத்தனை மெத்தென்று இருக்காது.

பாட்டை அணைத்தார். "பொன்ராஜு," என்று கூப்பிட்டார். கடைசியாகக் கேட்டவற்றில் எது ஸ்பீக்கரிலிருந்து வந்தது, எது தகரத்திலிருந்து வந்தது? பிரித்துச் சொல்ல அவரால் முடியவில்லை.

ஆம்ப்ளிஃபயரின் வயர்களைப் பிடித்து இழுத்தார். கையோடு வந்துவிட்டன. பச்சை விளக்கு அணைந்தது.

வலது கதவு ஸ்பீக்கரில் தட்டு. கனமான கை. பழகிய கை.

இடது கதவில் இன்னொன்று. இளசான கை.

இரண்டும் சேர்ந்துகொண்டன. இப்போது ஒற்றைத் தட்டு இல்லை. விடாமல். வரலாம், வரலாம் என்று.