கழுத்தில் வெள்ளி விரல்கள்

கொல்லிமலையை ஜமீன்போல ஆண்ட மாஜி மிட்டாதார் பழனிமுத்துவின் வம்சத்தில், மூன்று தலைமுறையாக ஒரு கறைகூடப் பட்டதில்லை.

அன்று காலை பட்டது.

மேனேஜர் வெள்ளையனின் கழுத்தில்!

"ஐயோ... ஓடியாங்க...!"

பங்களாக் கூடத்தில் அலறினாள் சமையல்காரி முனியாயி.

வெள்ளையன் மல்லாந்து கிடந்தான். விழிகள் பிதுங்கி... கழுத்தைச் சுற்றி விரல் தடங்கள்.

அத்தனையும் வெள்ளியாய் மின்னின!

வாசலில் கூடியவர்கள் பின்வாங்கினார்கள்.

"கொல்லிப்பாவை வந்து நெரிச்சிருக்குதுங்க..." என்றது ஒரு குரல்.

பனி மெல்ல உள்ளே நுழைந்தது.

அடிவாரக் காரவள்ளியிலிருந்து ஜீப்பில் ஏறி வந்தார் இன்ஸ்பெக்டர் நசீர் அகமது.

கூடத்தின் நடுவே, வெள்ளிச் சிம்மாசனத்தில் பழனிமுத்து. கழுத்து வரை சால்வை. எழவில்லை.

பின்னே? மிட்டாதார் போலீசுக்கு எழுவாரா!

"அந்தச் சென்றாயனைப் புடிங்க. என் வெள்ளிச் சாமானெல்லாம் தேய்க்கிறவன் அவன்தான். கையில ஒட்டுன வெள்ளிதான் கழுத்துல இருக்குது. தூக்குல போடோணும்!"

சென்றாயனின் கைகளில் விலங்கு விழுந்தது.

"சாமி... நானுங்களா? தேய்க்கவே கூடாதுன்னு போன மாசமே நிறுத்திப்போட்டீங்களே!"

"எங்கூட்டுக்காரரு கோழி அறுக்கவே கண்ணை மூடிக்குவாருங்க!" முனியாயி இன்ஸ்பெக்டரின் காலில் விழுந்தாள்.

நசீர் சென்றாயனின் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மிட்டாதாரைப் பார்த்தார்.

"எங்க ஊட்டுல வெள்ளிப் பன்னீர்ச் செம்பு தேய்ச்சா, என் சம்சாரத்துக்குக் கை கரியாத்தான் ஆகுது. உங்க வெள்ளி மட்டும் வெள்ளையா ஒட்டுது. எப்படிங்க?"

மிட்டாதாரின் மீசை துடித்தது.

"யாருகிட்டப் பேசறேன்னு தெரியுதா?"

"சால்வைய எடுங்க."

"மாட்டேன்!"

நசீரே உருவினார்.

விரல் இடுக்குகளில்... நகக்கண்களில்... அதே மினுமினுப்பு! கூடவே மண்ணெண்ணெய் நாற்றம்.

"அலுமினியப் பொடிங்களா?"

மிட்டாதார் விரல்களைப் பட்டு வேட்டியில் தேய்த்தார்.

"வார்னிஷுல குழைச்சுப் பூசுனேனுங்க... அசல் வெள்ளி போன மாசமே சேலத்து அடகுக் கடைக்குப் போயிருச்சு. இந்தச் சிம்மாசனம் பலாமரம். கதவைச் சாத்திட்டுப் பூசறப்ப வெள்ளையன் நுழைஞ்சுட்டான். நாளைக்குக் கலெக்டர் வந்து இதுல உக்காரப் போறாரு... அவருகிட்டச் சொல்லிப்போடுவேன்னு சிரிச்சான். சிரிச்சானுங்க!"

சென்றாயனின் விலங்கு கழன்றது.

"ஒரு பலாமரத்துக்காகவா எம்மனுசனைத் தூக்குக்கு அனுப்பப் பார்த்தீங்க?" முனியாயி காறித் துப்பினாள்.

"எந்திரிங்க, போலாம்" என்றார் நசீர்.

பழனிமுத்து அசையவில்லை.

"எந்திரிங்கன்னேன்!"

"முடியலீங்க... காலையில பூசினது. காஞ்சிருக்கும்னு உக்காந்துட்டேன். இந்தப் பனியில..."

இரண்டு போலீஸ்காரர்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள்.

டர்ர்ர்ர்...!

கலெக்டருக்கான ஆசனத்தில் பட்டு வேட்டி தங்கிவிட்டது.

மாஜி மிட்டாதார் பட்டாபட்டி டிராயரோடு ஜீப்பில் ஏறினார்.