பொட்டலத்தில் வந்த ஆடு

"இந்த ஆட்டோட ரத்தம் எங்க போச்சு, தங்கச்சி?"

கசாப்புக்காரர் சாலி அப்படிக் கேட்டபோது நெவெனா அவருடைய தூக்குச்சட்டியில் குர்பான் என்னும் நேர்த்திக்கடன் சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். கிண்டலாகத்தான் கேட்டார், மீசைக்குள் சிரிப்பு இருந்தது. ஆனால் அவர் பார்வை அவளைத் தாண்டி, முற்றத்தின் கோடியில் கதவு திறந்து கிடந்த கொட்டகைக்குப் போய், அங்கே நின்ற கறுப்பியின் முன்சக்கரங்களில் தங்கியது. சக்கரங்கள் கழுவித் துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தன.

"பொட்டலத்துல வந்த ஆடு அண்ணே. டவுன்ல பெரிய கடையில வாங்கிட்டு வந்தாரு."

"கழுத்தே இல்லாத ஆடா? வருஷத்துல ஒரு நாள் கிறிஸ்தவங்க வீட்டுல என் கத்திக்கு வேலை இருந்துச்சு. அதுலயும் உன் புருஷன் மண்ணப் போட்டுட்டானே."

அவள் சிரித்தாள். அவர் சட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனார். சற்று நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம், சூப்பு மண்ணில் கொட்டப்படும் சத்தம் கேட்டது.

கறுப்பி என்பது கார். நெவெனாவின் கணவன் கலோயான்; அவன் அப்பா வாலிபனாக இருந்தபோது போலந்திலிருந்து வந்தது. முதுகு வளைந்து, கன்னம் உப்பிய பழைய கார். பல வருடங்களுக்கு முன், புனித திமிதார் நாளன்று, அணைக்கட்டு வளைவில் அது ஒரு வெள்ளைக் குதிரை மேல் மோதியது. குதிரையின் தலை கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து, கலோயானின் மடியில் கிடந்து, நெடுநேரம் மூச்சுவிட்டுச் செத்தது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இப்படித் தப்பியவன் வீட்டில் வருடா வருடம் அதே நாளில் குர்பான் கொடுத்தாக வேண்டும் என்பது இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். கலோயானின் அம்மா மகன் உயிருக்காக ஆடு நேர்ந்துகொண்டாள். அதைக் காரின் முன்னால் சாலியைக்கொண்டு அறுத்து, நான்கு சக்கரங்களிலும் ரத்தம் பூசி, கறியைச் சூப்பாக்கி ஊருக்கு ஊற்றினாள். போன வசந்தத்தில் அவள் போய்விட்டாள். "அம்மாவோட அந்த அறுப்பும் போகட்டும்," என்றான் கலோயான். ஒவ்வொரு வருடமும் அடுப்படியில் காதைப் பொத்திக்கொண்டு நின்ற நெவெனாவுக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

மற்றபடி கறுப்பி அவர்களுடைய சந்தோஷம். சனிக்கிழமை முழுக்க அவன் அதனோடு கிடப்பான். கார்பரேட்டரைப் பிரித்துப் பெட்ரோலில் கழுவுவான், மூட்டுக்கு மூட்டு கிரீஸ் அடிப்பான், இனி எங்கேயும் கிடைக்காத ரப்பர் வளையத்தைச் செருப்புத் தோலில் வெட்டித் தானே செய்வான். ஞாயிறு மதியம் அவள் பனித்ஸா என்னும் பாலாடைக்கட்டி அடையைத் துணியில் சுற்றி, பிளாஸ்கில் காப்பி ஊற்றி எடுத்துக்கொள்வாள். ஈர பைன் மரங்களின் வாசனையும், இருக்கைக்குள் அடைத்த குதிரைமுடியின் பழைய வாசனையும், வெயில் பட்ட பெட்ரோல் வாசனையும் ஒன்றாய்க் கலந்து வர, வளைவுக்கு வளைவு இறங்கி அணைக்கரை வரை போய் வருவார்கள். குழந்தை இல்லாத அந்த வீட்டில் வாரம் என்பது அந்த ஒரு மதியத்துக்காகவே நகர்ந்தது.

குர்பானுக்கு அடுத்த ஞாயிறு கலோயானுக்குக் காய்ச்சல். கறுப்பி வெளியே போகவில்லை.

மறுநாள் காலை நெவெனா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மூடுபனி முற்றத்தில் இடுப்பளவு நின்றது. கொட்டகைக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. டிக். கொஞ்சம் விட்டு, டிக். அவளுக்கு அது பழகிய சத்தம். மலை ஏறி வந்து நிறுத்திய இன்ஜின் சூடு ஆறும்போது இரும்பு சுருங்குகிற சத்தம். பிடித்த சத்தமும்கூட. அதனால் முதலில் அதில் என்ன தப்பு என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. கையிலிருந்த தலையணை உறையை விரித்துக் கொடியில் போட்டு, கிளிப் மாட்டி, அடுத்த துணிக்குக் குனிந்தபோதுதான் கை நின்றது.

போய் பானெட்டில் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

கீழத்தெருவில் யாரோ அழுதார்கள். தபால்காரி வீட்டு நாய் தரையோடு தரையாக அரைபட்டுக் கிடந்தது. எது தலை, எது வால் என்று தெரியவில்லையாம். நெவெனா குனிந்து கறுப்பியின் முன்கம்பிகளைப் பார்த்தாள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே செம்பட்டை மயிர் ஒரு கொத்து, இன்னும் ஈரமாக இருந்தது.

அவள் அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். கலோயானிடம் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் எழுந்துவிட்டான். குளிர்நாளில் கறுப்பியை முன்னால் ஹேண்டில் கம்பி செருகிச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். கட்டைவிரலைக் கம்பியைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது, எதிர்த்து உதைத்தால் முறித்துவிடும் என்று ஊருக்கே பாடம் எடுப்பவன் அவன். அன்றும் சரியாகத்தான் பிடித்தான். ஆனாலும் கம்பி திரும்பி அடித்தது. உள்ளங்கை குறுக்கே பிளந்து, ரத்தம் பம்பரில் சொட்டியது.

கறுப்பியின் இன்ஜின் உடனே பற்றிக்கொண்டது. இருமாமல், புகைக்காமல், பூனை முனகுவதுபோல.

"கேட்டியா!" என்று கத்தினான் கலோயான், கையை உதறிக்கொண்டே. "நெவென்கா, இந்தச் சத்தத்தைக் கேட்டியா? எங்கப்பா காலத்துலகூட இப்படி ஓடல!"

"முதல்ல கையக் கட்டு, பைத்தியக்காரா."

அன்று கறுப்பிக்கு ஏற்றத்தில்கூடக் கியர் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவன் சிறுபிள்ளைபோல் சிரித்துக்கொண்டே ஓட்டினான். வீடு திரும்பியதும் அவள் பம்பரைத் துடைக்க வாளியோடு போனாள். துடைக்க ஒன்றும் இல்லை.

நவம்பர் இறங்கியது. கலோயானின் கைகளில் கட்டுகள் கூடின. விசிறிப் பட்டை கடித்துவிட்டது என்றான். தகரம் கிழித்துவிட்டது என்றான். முகம் மெழுகு நிறமானது, படி ஏறினால் மூச்சு வாங்கியது. கறுப்பியோ பளபளத்தது. அவன் சாப்பாட்டை மறந்து கொட்டகையிலேயே கிடந்த ஒரு சாயங்காலம், ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துக்கொண்டு அவள் போனாள். பானெட் திறந்திருந்தது. அவன் சட்டைக் கையை மேலே மடித்து, எண்ணெய் ஊற்றும் வாய்க்கு மேல் முன்கையை நீட்டிக்கொண்டு நின்றான். சொட்டும் சத்தம் கேட்டது. அது எண்ணெயில் விழும் சத்தமாக இல்லை. யாரோ நாக்கைச் சப்புக்கொட்டுவதுபோல இருந்தது.

தட்டு அவள் கையிலிருந்து விழுந்தது.

"கத்தாத," என்றான் அவன், திரும்பாமல். "அம்மா வருஷத்துக்கு ஒரு தடவ கொடுத்தா. நான் அப்பப்ப கொஞ்சம் கொடுக்கறேன். அவ்வளவுதான்."

"வித்துரு, கலோ."

"வித்தா? வாங்குனவன் வீட்டுல குழந்தை இருக்கும்."

"பூட்டி வை. ஓட்டவே வேணாம்."

"ஒரு ஞாயிறு ஓட்டாம விட்டேனே. அந்த நாய உனக்குத் தெரியும்தான? மயிரப் பிடுங்கி எரிச்சது நீதான." அவன் குரல் உடைந்தது. "என்னை அன்னிக்கு விட்டுட்டுக் குதிரைய எடுத்துக்கிச்சு, நெவென்கா. சும்மா விடல."

அவளுக்குக் கார் வேண்டாம். ஞாயிறு வேண்டாம். கலோயான் வேண்டும். கண்முன்னே எலும்பாகிக்கொண்டிருந்த அந்த மனிதன் மட்டும் வேண்டும். அவள் தலையில் துணிகூடக் கட்டாமல் சாலி வீட்டுக்கு ஓடினாள்.

"எனக்கு உயிரோட ஒரு கிடா வேணும் அண்ணே. கழுத்தோட."

சாலி கிண்டல் செய்யவில்லை. "ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரேன்," என்றார். "உன் புருஷன அதுகிட்ட போகவிடாத."

ஞாயிறு மதியம் மூடுபனி முற்றத்துச் சமையல் கொட்டகையின் கல் சுவர் வரை வந்து நின்றது. வெளியே நிறுத்தியிருந்த கறுப்பியின் மூக்கு அந்தச் சுவரைப் பார்த்திருந்தது. சாலி கிடாவை இரண்டுக்கும் நடுவில் கொண்டுவந்து, முழங்காலால் அழுத்தி, கத்தியை இழுத்தார். இம்முறை நெவெனா காதைப் பொத்தவில்லை. பாத்திரத்தைப் பிடித்தாள். சூடு அவள் மணிக்கட்டு வரை தெறித்தது. கிடாவின் பின்கால்கள் கல்தரையை உதைத்து உதைத்து, கடைசியில் நடுங்கி நின்றன. அவள் மாமியார் செய்ததுபோலவே நான்கு சக்கரங்களிலும் பூசினாள். பம்பரில் பூசினாள். விளக்குகளில் பூசினாள்.

ரத்தம் ஒட்டவில்லை. எண்ணெய்த் தாளில் தண்ணீர்போல உருண்டு, துளித்துளியாகத் தரையில் விழுந்தது.

சாலி பின்வாங்கினார். "வேணாங்குது," என்றார் மெதுவாக. "ஆட்டு ருசி மறந்துபோச்சு."

"இல்ல," என்றான் கலோயான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. ஹேண்டில் கம்பி அவன் கையில் இருந்தது. "ஒரு சுத்து சுத்திப் பாக்கறேன். பத்திக்கிச்சுன்னா ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம்."

"தம்பி, கம்பியக் கீழ போடு," என்றார் சாலி.

"சும்மா இருங்க அண்ணே. என் காரு எனக்குத் தெரியும்."

அவள் அவன் கையைப் பிடித்தாள். அவன் விடுவித்துக்கொண்டான். அவள் ஓடிப்போய்க் காரின் கதவைத் திறந்து பார்த்தாள். கியர் நியூட்ரலில்தான் இருந்தது. கியர் குச்சியைப் பிடித்து ஆட்டினாள், தளர்ந்து ஆடியது. ஹேண்ட்பிரேக் இழுத்திருந்தது. சாவி அவள் மேலங்கிப் பையில். எல்லாம் சரி. எல்லாமே சரி.

அவன் கம்பியைச் செருகினான். அரைச் சுற்று.

குச்சி அவள் விரல்களுக்கு நடுவே தானாக நகர்ந்தது.

கறுப்பி பாய்ந்தது. கதவு அவளை அடித்துத் தரையில் தள்ளியது. சுவரில் மோதிய சத்தம் பெரிதாக இல்லை. விறகு ஒடிவதுபோல. பிறகு ஈரமாக ஒன்று. பின்சக்கரங்கள் கல்லில் சுழன்று சுழன்று அழுத்தின. இன்னும் அழுத்தின. கலோயானின் வாய் திறந்திருந்தது. அதிலிருந்து வந்தது குரல் இல்லை.

அவள் கத்தினாள். பின் பம்பரைப் பிடித்து இழுத்தாள். நகங்கள் பிய்ந்தன. சாலி இரும்புக் கடப்பாரையால் பானெட்டை அடித்தார், மறுபடி அடித்தார். தகரம் நெளியவில்லை.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பூனை முனகுவதுபோல.

பிறகு அது தானாகப் பின்னால் நகர்ந்தது. மெதுவாக. மரியாதையாக.

கலோயான் விழவில்லை. சுவரோடு ஒட்டி நின்றான். மார்பு இருந்த இடம் தட்டையாக இருந்தது. ஹேண்டில் கம்பி விலா எலும்புக்குக் கீழே நுழைந்து முதுகில் வந்திருந்தது. சுவரைவிட்டு ஓர் அடி எடுத்து வைத்தான். இன்னோர் அடி. கம்பி அவனுக்குள் சுழன்றுகொண்டிருந்தது. இன்ஜின் ஓட்டத்துக்கு ஏற்ப. சீராக.

"கலோ," என்றாள் அவள்.

அவன் காரைச் சுற்றி நடந்து வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தான். ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் பிடிப்பான். கண்கள் அவளைப் பார்த்தன. அவை அவனுடைய கண்கள்தான். கெஞ்சின. ஏறச் சொல்லியா, ஏறாதே என்றா, அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே இருக்கை சூடாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. குதிரைமுடி தையலைப் பிரித்துக்கொண்டு வெளியே வந்து, காற்றே இல்லாமல் அசைந்தது. வெள்ளை முடி.

சாலியின் கை அவள் தோளைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தது.

அவள் ஏறவில்லை.

கலோயான் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு கதவை மெல்லச் சாத்தினான், சத்தம் வராமல். மறுபக்கம் போய் உட்கார்ந்தான். முதுகில் நீட்டியிருந்த கம்பி அவனைச் சாய விடாமல் நிமிர்த்தி வைத்தது. கறுப்பி முற்றத்தில் ஒரு வட்டம் அடித்து, வாசலைத் தாண்டி, பள்ளிக்கூடமும் தேவாலயமும் இருக்கும் மேலத்தெருப் பக்கம் திரும்பியது. அங்கே பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம் பனிக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. கலோயான் அந்தச் சத்தத்தை நோக்கிப் போனான்.