மனுதாரர் வாயசைத்தார்

அமலிக்கு மூன்று வயது நிறைந்த ஞாயிற்றுக்கிழமை, அவளைத் தாய்மாமன் சேவியரின் மடியில் உட்கார வைத்துச் செவிச்சில்லு பொருத்தினார்கள். அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் அதுதான் வழக்கம். முன்பு எந்த வயதில் காது குத்தினார்களோ அதே வயதில், அதே மாமன் மடியில், காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அரிசி அளவு சில்லு ஒன்றைப் பதிப்பார்கள். வலிக்காது. மாமன் சீர் கொண்டு வருவார். பிள்ளைக்குப் புதுச் சட்டை, வந்தவர்களுக்கு பிரியாணி. சில்லு இல்லாத பிள்ளையை எந்தப் பள்ளியிலும் சேர்ப்பதில்லை. புயல் எச்சரிக்கை முதல் வகுப்புப் பாடம் வரை எல்லாம் அதன் வழியாகவே வந்தன. கேட்க விரும்பும் ஓசையைப் பதிந்து சேமிப்பதும் அதுதான். காற்றில் வரும் எந்த ஓசையும் மூளைக்குப் போகும் முன் சில்லைக் கடந்தாக வேண்டும்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த அந்த வீட்டில் அமலியின் தாய் ஜெனோவா மட்டும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அன்று விடிந்ததிலிருந்து அவள் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு தாலாட்டுப் பாடிக்கொண்டே இருந்தாள். தூங்கி எழுந்த பிள்ளைக்கு எதற்குத் தாலாட்டு என்று அமலி நெளிந்தாள், சிரித்தாள், இறங்கி ஓடப் பார்த்தாள். ஜெனோவா விடவில்லை. உலகத்தில் அவள் பாடுவதைக் கேட்கக்கூடிய ஒரே ஆள் அந்தக் குழந்தைதான். மதியத்துக்கு மேல் அதுவும் இல்லை.

காரணம், ஜெனோவா தன் குரலை விற்றிருந்தாள்.

அது ஒன்றும் அதிசயமான காரியமல்ல. பாட்டைத் தட்டில் பதித்துக் கடையில் விற்ற காலம் ஒன்று இருந்தது. இணையம் வந்து அந்தக் கடைகளை மூடியது. பிறகு உலகத்துப் பாட்டுகள் எல்லாம் ஒரே ஓடையில் ஓடின. மாதச் சந்தா கட்டியவர்கள் வேண்டியதை அள்ளிக் குடித்தார்கள். ஆனால் ஒரே நாளில் லட்சம் புதுப் பாட்டுகள் வந்து விழத் தொடங்கியபோது, ஒரு தனிப் பாட்டுக்கு மதிப்பே இல்லாமல் போயிற்று. ஓடையை நடத்திய நிறுவனங்கள் யோசித்தன. பாட்டைத் தருவதை விட்டுவிட்டுக் குரலைத் தரத் தொடங்கின. கேட்பவரின் நாடித்துடிப்பு, களைப்பு, கவலை எல்லாவற்றையும் சில்லு அறிந்து சொல்லும். அதற்கேற்ற மெட்டும் சொல்லும் அந்த நொடியிலேயே பிறக்கும். அவருக்குப் பிடித்த பாடகியின் குரல் அதைப் பாடும். ஒருவர் கேட்ட பாட்டை இன்னொருவர் கேட்பதில்லை. அவரே மறுபடி கேட்பதும் இல்லை.

நாதவாரி என்ற நிறுவனம் ஜெனோவாவைத் தேடி வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. பனிமய மாதா கோயில் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தாள். குரலுரிமை கொடுக்காதவர்களை ஓடை ஏற்காது. ஓடையில் இல்லாத குரல் கோயிலைத் தாண்டி எவர் காதுக்கும் எட்டாது. தன்னை நாலு பேர் கேட்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை. கையெழுத்துப் போட்டாள். ஒப்பந்தத்தின் நாற்பத்தோராம் பிரிவு, அந்தக் குரல் இசையாக எழும்போதெல்லாம் அது நிறுவனத்தின் சொத்து என்றது. அதாவது, அவள் பேசலாம், திட்டலாம், அழலாம். பாடினால், முணுமுணுத்தால்கூட, சுற்றியிருப்பவர்களின் சில்லுகள் அந்த ஓசையை மட்டும் தடுத்துவிடும். அவளுக்கே அவள் பாட்டு தாடை எலும்பின் அதிர்வாகத்தான் தெரியும், அடுத்த வீட்டில் யாரோ பாடுவது போல.

கணவன் ரொசாரியோ அவளை மணந்தது ஒப்பந்தத்துக்குப் பிறகு. கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளைப் பழுது பார்ப்பவன். கோபுர உச்சியில் தொங்கியபடி ஓடையில் அவள் குரலைக் கேட்டுக் கேட்டே அவள்மேல் ஆசைப்பட்டான். அவள் நேரில் பாடி ஒருநாளும் கேட்டதில்லை.

விழா முடிந்து உறவினர்கள் போன பின், சாயங்காலம் ஜெனோவா மகளை மடியில் கிடத்தி மெதுவாகப் பாடினாள். அமலி சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு எழுந்து, விரலால் அம்மாவின் உதட்டைத் தொட்டாள்.

"அம்மா, ஏன் வாயை மட்டும் அசைக்க?"

ஜெனோவா பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டு அருகில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அமலியின் முகம் இளகியது. இமைகள் தாழ்ந்தன. ஓடை அவளைத் தூங்கவைக்கிறது என்று ஜெனோவாவுக்குப் புரிந்தது. எந்தக் குரலில் என்றும் தெரியும். அமலியின் பெயரைச் சொல்லி, அவள் மூச்சுக்குத் தக்க தாளத்தில், களைப்பே இல்லாமல் ஜெனோவாவின் குரல் அந்தச் சின்னக் காதுக்குள் பாடிக்கொண்டிருந்தது. ஜெனோவாவுக்கு அது கேட்கவில்லை. தன் பாட்டில் மகள் தூங்குவதை அவள் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

அடுத்த மாதமே மதுரையில் இருந்த குரலுரிமைத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டாள். குரலைத் திருப்பிக் கேட்கவில்லை. ஒரே ஒரு சில்லில், தன் மகளின் சில்லில், அந்தத் தடையை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் கோரிக்கை. இதில் என்ன நஷ்டம் அவர்களுக்கு, ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று ரொசாரியோ நம்பிக்கை சொன்னான். ஆறு வருடம் ஆயிற்று.

அந்த ஆறு வருடமும் அவள் விடியலில் மொட்டை மாடிக்குப் போய்ச் சாதகம் செய்தாள். குரல் கெட்டுவிடக் கூடாதே. மகளுக்கென்று ஒரு பாட்டையும் உண்டாக்கினாள். மூன்று சரணம். ஒரு வரியை எழுதுவாள், எலும்பு வழியாகக் கேட்டுப் பார்ப்பாள், அடிப்பாள், மறுபடி எழுதுவாள். பக்கத்து மாடியில் துணி காயப்போடுகிறவர்களுக்கு, தினமும் கடலைப் பார்த்து வாயைத் திறந்து மூடும் ஒரு பெண் தெரிந்தாள். பாவம் என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

நாதவாரிக்காக வாதாடியவர் வழக்கறிஞர் மீனலோசனி. கெட்டவரல்ல, இடைவேளையில் ஜெனோவாவுக்குக் காபி வாங்கிக் கொடுப்பார். மன்றத்தில் அவர் வாதம் எளிமையானது. ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் எல்லாப் பாடகர்களும் கேட்பார்கள் என்றார். அதைவிட, குழந்தைக்கு எந்தக் குறையும் இல்லை. தாயின் குரலைத் தினமும் கேட்டுத்தானே தூங்குகிறது என்றார். ஒருநாள் வெளி வராந்தாவில் ஜெனோவாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஜெனோவா. நீங்க பாடினா அது ஒரே பாட்டுதான். பிள்ளைக்குச் சளி பிடிச்சிருந்தாலும் அதே மாதிரிதான் இருக்கும். ஓடை அப்படியா? அதுகிட்ட நீங்க எதுல ஜெயிக்கப் போறீங்க?"

"ஜெயிக்க வரலைங்க" என்றாள் ஜெனோவா. "நான் பாடுதேன்னு அவளுக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

நான்காம் வருடத்தில் நீதிபதி அவளைப் பாடிக் காட்டச் சொன்னார். எது தடைபடுகிறது என்று மன்றம் அறிய வேண்டுமாம். ஜெனோவா கூண்டில் நின்று, கண்ணை மூடி, தன் மூன்று சரணத்தையும் பாடினாள். மன்றத்தில் எல்லோருக்கும் சில்லு இருந்தது. மின்விசிறிச் சத்தம் கேட்டது, யாரோ இருமியது கேட்டது. அவள் கண் திறந்தபோது நீதிபதி சங்கடத்தோடு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடவடிக்கைக் குறிப்பில் எழுத்தர் பதிந்தது ஒரு வரி: "மனுதாரர் ஆறு நிமிடம் வாயசைத்தார்."

அன்று ரயிலில் திரும்பும்போது ரொசாரியோ அவளுக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்தான். கோவில்பட்டி தாண்டியதும் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

தீர்ப்பு வரவேயில்லை. அதற்கு முன் நாதவாரியிடமிருந்து கடிதம் வந்தது. தனி ஆட்களின் குரலை இனி ஓடை பயன்படுத்தப் போவதில்லை. ஆயிரம் பேர் குரலைக் கரைத்து ஒவ்வொரு கேட்பவருக்கும் ஒரு சொந்தக் குரல் செய்யும் முறை வந்துவிட்டது. ஆகவே தங்கள் குரல் ஓய்வு பெறுகிறது. உரிமை தங்களுக்கே திரும்புகிறது. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி முதல் எல்லாச் சில்லுகளிலும் தடை நீங்கும். கடைசியில் நன்றி என்று இருந்தது.

வழக்குப் போட்டு வாங்க முடியாததை, வேண்டாம் என்று கொடுத்துவிட்டார்கள். ஜெனோவா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அமலி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்: இனிமேல் என் ஓடையில் வேற யாரோதான் பாடுவாங்களா? ஆமாம் என்றாள் ஜெனோவா. ஒன்பது வயதுப் பிள்ளையின் கண் கலங்கியது.

சனிக்கிழமை ரொசாரியோ விடுப்புப் போட்டுவிட்டுக் கரைக்கு வந்தான். அமலி தலை சீவிப் பூ வைத்துக்கொண்டாள். இருவரும் கூடத்தில் சம்மணமிட்டு அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். ஜெனோவா தண்ணீர் குடித்தாள். கடிகாரம் மூன்று அடித்துச் சற்றுப் பொறுத்து, மெல்ல வாய் திறந்தாள்.

முதல் ஒலியிலேயே திடுக்கிட்டாள். பதினோரு வருடத்துக்குப் பின் தன் குரல் காற்றில் வந்து தன் காதில் விழுந்தது. கொஞ்சம் தடித்திருந்தது, ஓரத்தில் சற்றுப் பிசிறும் இருந்தது. ஆனால் அவளுடையது. அவள் தொடர்ந்தாள்.

"கடலே, கொஞ்சம் மெல்லப் பேசு,
என் பிள்ளை பெயரை நான் சொல்ல வேணும்..."

இரண்டாம் சரணத்தில் துணிந்து அவர்கள் முகத்தைப் பார்த்தாள். இருவரும் அசையவில்லை. கண் இமைக்கக்கூட இல்லை. ஒருவரும் இப்படி மூச்சடக்கி உட்கார்ந்து அவள் பாட்டைக் கேட்டதில்லை. அவள் மூன்றாம் சரணத்தைக் கடைசிச் சொல் வரை பாடி முடித்தாள்.

பிறகு அமலி மூச்சை விட்டு, காதுக்குப் பின்னால் ஒருமுறை தட்டினாள்.

"முழுசா எடுத்துட்டேம்மா. ஒரு சத்தங்கூடக் கலக்கல."

"நானும் எடுத்துட்டேன்" என்றான் ரொசாரியோ. அவன் கண் நிறைந்திருந்தது. "நாளைக்கே மறுபடி எவனாவது தடுத்தான்னா? ரெண்டு இடத்துல இருந்தா பயமில்லைட்டி."

சில்லு ஓசையைப் பதியும்போது, பதிவு சுத்தமாக இருப்பதற்காக, கேட்கும் நரம்பை மூடிவிடும், பதிபவருக்கு அப்போது எதுவும் கேட்காது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜெனோவாவுக்கும் தெரியும்.

"எப்படி இருந்துச்சு?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னும் கேக்கலைட்டி" என்றான் ரொசாரியோ. "இதெல்லாம் அவசரத்துல கேக்குத பாட்டா? ஒருநாள் நிம்மதியா உக்காந்து கேக்கணும்."

அவன் சில்லின் சேமிப்பில் அவர்களுடைய கல்யாணத் திருப்பலி இருந்தது. அவன் தகப்பனார் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசியது இருந்தது. அமலி முதன்முதலில் அப்பா என்று சொன்னதும் இருந்தது. எதையும் அவன் இன்னும் திறந்ததில்லை.

"வேணும்னா இப்பவே இன்னொரு தடவை பாடட்டா?" என்று ஜெனோவா கேட்டாள்.

அமலி எழுந்து வந்து, அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தமிட்டாள்.

"எதுக்கும்மா கஷ்டப்படுதீங்க? அதான் இருக்குல்லா."